போண்டாவுக்குத் தயிர்ச்சோறு

பீளமேட்டில் ராமாமணி மெஸ் எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்லமாட்டார்கள். கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆளைக் கொண்டுவந்து விட்டவருக்கும் அங்கே ஒரு டம்ளர் மோராவது உண்டு என்பது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்.

மெஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டு வீட்டின் முன்கூடத்தில் நான்கு பெஞ்சு, நான்கு மேசை. பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள் முப்பது பேருக்குமேல் மூன்று வேளையும் அங்கேதான் சாப்பிட்டார்கள். பிள்ளையைக் காலேஜில் சேர்க்க வரும் அப்பா அம்மாக்கள் பிரின்சிபாலைப் பார்க்கிறார்களோ இல்லையோ, ராமாமணியைப் பார்த்து, "பையன் சரியாத் திங்கமாட்டானுங்க" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அன்றிலிருந்து அந்தப் பையனுக்குக் கெட்ட காலம். "போதுங்கக்கா" என்று இலைமேல் கையை விரித்தால், விரலிடுக்கு வழியாகக் குழம்பை ஊற்றிவிடுவாள்.

யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, மணிக்கட்டை. எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் அந்த ஆள் நல்லவனா கெட்டவனா என்கிற விசாரணையெல்லாம் பிறகுதான். கிணத்துக்கடவில் பெரிய குடும்பத்தில் நடுவில் பிறந்தவள் அவள். ஆண்கள் சாப்பிட்டு, விருந்தாளிகள் சாப்பிட்டு, சட்டியில் தண்ணீர் விட்டு அலசிய குழம்புதான் நடுவில் பிறந்தவர்களுக்கு வரும். அந்தக் கோபம் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை. ஊரையே உட்காரவைத்துச் சோறு போட்டுத்தான் அதைத் தீர்த்துக்கொண்டாள்.

கணவர் அழகிரிசாமி மில்லில் பிட்டராக இருந்தார். மில் கதவை அடைத்த வருடத்தில்தான் ராமாமணி அடுப்பைப் பெரிதாக்கினாள். அப்புறம் மில்லைத் திறக்கவே இல்லை, மெஸ்ஸை மூடவே இல்லை. அவர் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அதிகம் பேசமாட்டார். பேசவேண்டியதை ராமாமணியே பேசிவிடுவாள் என்கிற நிம்மதியில் வாழ்ந்தவர். ஒரே மகன் ஆதர்ஷ் பெங்களூரில் வேலை பார்த்தான். நிச்சயத்துக்குத் தைத்த பேண்ட் முகூர்த்தத்துக்குள் அவனுக்குப் பத்தாமல் போனது என்றால், வளர்ப்பைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூற்று நான்கில் பம்ப்செட் கம்பெனி முதலாளி வீட்டுப் பொமரேனியன் குட்டி போட்டது. மற்ற குட்டிகளெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு போய்விட்டன. ஒன்று மட்டும் மிஞ்சியது. உள்ளங்கையில் அடங்கும், கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பும். அதை யாரும் கேட்கவில்லை. அழகிரிசாமி சாப்பாட்டு நேரத்தில் இதைப் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். மறுநாளே ராமாமணி ஆட்டோ பிடித்துப் போய் அதை முந்தானையில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள்.

"எங்கிட்ட உடுங்க. மூணே மாசத்துல ஆளே தெரியாம ஆக்கிப்போடறேன்" என்று முதலாளி வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டும் வந்தாள்.

வந்த அன்று ஒரு கிண்ணம் பாலைக் குடித்துவிட்டு அது உருண்டையாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பையன்கள் போண்டா என்று பேர் வைத்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. உருண்டைதான் நிலைக்கவில்லை.

காலையில் முட்டை, மத்தியானம் எலும்பு வேகவைத்த தண்ணீரில் பிசைந்த சோறு, ஞாயிற்றுக்கிழமை பையன்களுக்குக் கறிக்குழம்பு கொதிக்கும்போதே போண்டாவுக்கு ஆட்டு ஈரலைப் பொடியாக நறுக்கித் தனியாக வதக்கி வைத்தாள். ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. ஒரு வயது ஆகியும் அது நான்கு மாதக் குட்டி போலவே இருந்தது. பையன்களுக்குக் கொண்டாட்டம்.

"அக்கா, உங்க கைக்கே டிமிக்கி குடுத்தது உலகத்துல இது ஒண்ணுதானுங்க" என்றான் கருமத்தம்பட்டி கந்தப்பன். தறிக்காரர் வீட்டுப் பையன். வாய்க்கொழுப்புக்கும் பசிக்கும் பேர்போனவன். ராமாமணி சிரித்தாள். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

வளராதது கூடப் போகட்டும். சில நாட்களில் போண்டா சுவரோரம் போய், நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை வாத்தியார் நிறுத்திவைத்த மாதிரி அப்படியே நிற்கும். வாயிலிருந்து எச்சில் ஒழுகும். கூப்பிட்டால் திரும்பாது. பிறகு கூடத்தையே வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும். பெஞ்சுக் காலில் முட்டிக்கொள்ளும். ஒரு நாள் கீழே விழுந்து நான்கு காலும் வெட்டி இழுத்தது.

மெஸ்ஸில் மாவாட்டும் வள்ளியாத்தாள், "கண்ணு பட்டிருக்குதுங்க அம்மணி. முப்பது பேரு வந்து போற எடம். ஆரு கண்ணு எப்புடியோ" என்றாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ராமாமணிக்கு அதில் பாதி நம்பிக்கைதான். மீதி நம்பிக்கை அவளுக்கு அடுப்பின் மேல் இருந்தது. தெம்பில்லாமல்தான் விழுகிறது என்று முடிவு கட்டினாள். வலிப்பு வந்து தெளிந்த நாளெல்லாம் கூடுதலாக ஒரு முட்டை கொடுத்தாள். ஒவ்வொரு தடவை அது விழும்போதும் ஈரலின் அளவு ஏறியது.

பார்த்த வைத்தியர்கள் பூச்சி மருந்து கொடுத்தார்கள், கால்சியம் கொடுத்தார்கள். கடைசியாகப் புலியகுளத்தில் டாக்டர் அப்துல் கையூமிடம் போனார்கள். கோட்டைமேட்டுக்காரர், சின்ன வயது. தலைமுறையாக ஜவுளி வியாபாரம் செய்த குடும்பத்தில் நாய் டாக்டராகப் போனவர் என்று சொந்தக்காரர்களிடம் கேலி வாங்கியவர். ராமாமணி அவருடைய மணிக்கட்டைப் பார்த்தாள். கோழிக்கால் மாதிரி இருந்தது. தானே தேறாதவர் நாயை எங்கே தேற்றப்போகிறார் என்று அவளுக்கு அப்போதே பாதி நம்பிக்கை போய்விட்டது.

கையூம் அவசரப்படவில்லை. போண்டாவைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எப்பெப்ப இப்படி வருதுங்கம்மா?"

"நேரங்காலமே இல்லீங்க டாக்டர். ஆனா ஞாயித்துக்கெழம சாயங்காலம் கண்டிப்பா வந்துருமுங்க."

"ஞாயித்துக்கெழம என்ன குடுப்பீங்க?"

ராமாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் டாக்டர் இவர்தான். முட்டையில் தொடங்கி, எலும்புத் தண்ணீர், ஈரல் எல்லாவற்றையும், எதை எவ்வளவு வேகவைப்பாள் என்பது உட்பட, பெருமையாகச் சொன்னாள். கேட்கக் கேட்க டாக்டரின் கை நாயின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது.

ரத்தம் எடுத்தார். அதை ஐஸில் வைத்து உடனே லேபுக்குக் கொண்டுபோனால்தான் கணக்கு சரியாக வரும் என்றார். அழகிரிசாமி வீட்டு டீ பிளாஸ்கில் ஐஸை நிரப்பிக்கொண்டு தன் எம்.எயிட்டி வண்டியில் பறந்தார். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். எல்லாம் வந்த பிறகு கையூம் இருவரையும் உட்காரவைத்தார்.

"வயித்துலருந்து வர்ற ரத்தம் மொதல்ல ஈரலுக்குள்ள போகணுமுங்க. சாப்பாட்டுல இருக்கற நஞ்சை ஈரல்தான் முறிச்சு அனுப்பும். இதுக்குப் பிறவியிலயே ஒரு குறுக்குக் குழாய் இருக்குதுங்க. ரத்தம் ஈரலுக்குள்ள போகாமயே சுத்திக்கிட்டுப் போயிருது. நஞ்சு நேரா மூளைக்குப் போகுது. ஈரலும் ரத்தம் கிடைக்காம வளராமயே நின்னுபோச்சு."

"பைபாஸ்" என்றார் அழகிரிசாமி. அன்று அவர் பேசிய ஒரே வார்த்தை.

"அதேதாங்க. கறி, முட்டை, ஈரல், இதுலதான் அந்த நஞ்சு ஜாஸ்தி."

ராமாமணிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப நானு குடுத்ததெல்லாம்" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

"தெரியாமக் குடுத்தீங்கம்மா. யாரா இருந்தாலும் அதத்தான் குடுத்திருப்பாங்க" என்றார் கையூம்.

அந்த ஆறுதல் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. உலகத்தில் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று தெரியும், அவளுக்குத் தெரிந்தது சோறு போடுவது ஒன்றுதான். அதுவே விஷமாகப் போனது என்றால் அவள் எங்கே போய் நிற்பாள்.

அன்றிலிருந்து போண்டாவுக்குத் தயிர்ச்சோறு. குழைய வடித்த சோறு, கொஞ்சம் தயிர், வேகவைத்த சுரைக்காய். கூடவே பாகு மாதிரி ஒரு மலமிளக்கி மருந்தும் ஒரு மாத்திரையும். வலிப்பு குறைந்தது. சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது குறைந்தது. கண்ணில் கூட ஒரு வெளிச்சம் வந்தது. டாக்டர் சொன்னது சரிதான் என்பது ஒவ்வொரு நாளும் நிரூபணமாகிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் அது ராமாமணியைக் குத்தியது.

போண்டாவுக்கு மட்டும் இந்த நியாயமெல்லாம் புரியவில்லை. குழம்பு கொதிக்கும்போது சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்து மூக்கைத் தூக்கும். வாலை ஆட்டும். இத்தனை நாள் கொடுத்தவள் இப்போது ஏன் கொடுக்கவில்லை என்று பார்க்கும். அவள் அதன் முகத்தைப் பார்க்காமல் கிண்டுவாள். "ஏங்கண்ணு என்னய இப்புடிப் பாக்கறே. நானா வேண்டாங்கறேன்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கந்தப்பனுக்கு மனசு கேட்கவில்லை. மேசைக்கடியில் ஒரு கறித்துண்டை நழுவவிட்டான். ராமாமணி பார்த்துவிட்டாள். பாய்ந்து போண்டாவின் வாய்க்குள் விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்தாள். பிறகு கந்தப்பனின் முன்னால் இருந்த இலையை, பாதிச் சோறு இருக்கும்போதே, மடித்து எடுத்தாள்.

"எந்திரி" என்றாள்.

சாப்பிடுகிறவனைப் பாதியில் எழுப்புவது அந்தப் பக்கத்தில் ஜென்மப் பகையாளிக்குக் கூடச் செய்யாத காரியம். ராமாமணி அதைச் செய்தாள். கந்தப்பன் கையைக் கழுவாமலேயே வெளியே போனான். அன்று ராத்திரி அவன் வரவில்லை. அழகிரிசாமி ஹாஸ்டல் வரைக்கும் போய்க் கூட்டிவந்தார். ராமாமணிக்கு மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது. ஒரு தோசைக்குப் பதில் மூன்றாகப் போட்டாள். அவனும் "போதுங்கக்கா" என்று சொல்லாமல் தின்றான்.

ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. அப்புறம் தயிர்ச்சோறும் கைவிட்டது. ஒரு துண்டு கறி உள்ளே போகாமலேயே வலிப்பு வர ஆரம்பித்தது. வாரத்தில் ஒரு நாள் வந்தது, பிறகு இரண்டு நாள் ஆனது. கையூம் மருந்தைக் கூட்டினார், மாற்றினார். கடைசியில் ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மருந்துல இனி ஓட்ட முடியாதுங்கம்மா. விட்டா சில மாசந்தான். ஒரு ஆபரேசன் இருக்குது. அந்தக் குறுக்குக் குழாயைக் கண்டுபிடிச்சுப் பட்டு நூல்ல கட்டறது. நான் செஞ்சதில்லீங்க. எனக்கு மெட்ராஸ்ல பாடம் நடத்துன சர்ஜன் கொஞ்சம் நாய்களுக்குச் செஞ்சிருக்கார். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் வர்றார். கேட்டுப் பாத்தேன். சரின்னார்."

"பொழைக்குமுங்களா?"

"பாதிக்குப் பாதிங்க. மேல சொன்னா அது பொய்."

ராமாமணி மேசைமேல் படுத்திருந்த போண்டாவின் முன்னங்காலை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்தாள். விரல்கள் தாராளமாகச் சந்தித்துக்கொண்டன.

"ஆபரேசன் நல்லபடியா ஆச்சுன்னா, எல்லாம் சாப்புடுமுங்களா?"

"ஈரல் தேறுச்சுன்னா சாப்பிடலாங்க. கொஞ்சங்கொஞ்சமா."

"அப்பச் செஞ்சுபோடுங்க டாக்டர்" என்றாள். அவளுக்கு வேறு கேள்வி இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து போண்டாவுக்குத் தண்ணீரைத் தவிர ஒன்றும் கூடாது என்றார்கள். அது காலிக் கிண்ணத்தை நக்கி நக்கித் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் மோதியது. ராமாமணியும் அன்று ஒன்றும் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பசியில்லை என்று சொன்னாள்.

மெட்ராஸ் சர்ஜன் தலை நரைத்த மனிதர். கல்யாண வீட்டுச் சந்தனம் நெற்றியில் காயாமல் வந்து நின்றார். அழகிரிசாமி அவரைப் பார்த்து, முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த ஒரு கேள்வியைக் கேட்டார்.

"சார், அந்த பைபாஸ் லைனை முழுசா அடைச்சுப்போட்டீங்கன்னா தண்ணி தானா மெயின் லைன்ல போயிருமல்லங்க?"

தண்ணி என்றுதான் சொன்னார். சர்ஜன் சிரிக்கவில்லை.

"மெயின் லைன் இத்தனை நாளா ஓட்டமே இல்லாம நூல் மாதிரி இருக்குமுங்க. திடீர்னு முழுசா அடைச்சா, போக வழியில்லாம பின்னாடி குடல்ல போய் நெருக்கும்."

அழகிரிசாமிக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வெளியேறும் டெலிவரி வால்வை மூடிவிட்டு மோட்டாரை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவர். அதனாலேயே அவருக்குப் பயம் வந்தது. இத்தனை நாள் இது ஒரு ரிப்பேர் வேலை, சரியான ஆள் கையில் கொடுத்தால் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர் ராமாமணியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறி, கிளினிக் வாசலில் நிழல் சுருங்கிய பிறகு கையூம் வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கட்டியாச்சுங்கம்மா. ஆனா பாதிதான். கொஞ்சம் இறுக்குனதுமே குடல் நெறம் மாற ஆரம்பிச்சிருச்சு. உடனே தளர்த்திட்டார். மூணு மாசம் போகட்டும். ஈரல் இப்ப வர்ற ரத்தத்துக்குப் பழகிக்கிட்டா, மறுபடியும் திறந்து மிச்சத்தையும் கட்டிரலாமுங்க."

"மூணு மாசந்தானுங்களே" என்றாள் ராமாமணி. அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்றரை வருடத்தில் அழகிரிசாமி அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

மறுநாள் போண்டா எழுந்து நின்றது. அவள் குரலைக் கேட்டு வாலை அசைத்தது. வைத்த தயிர்ச்சோற்றை நக்கியது. அதற்கடுத்த நாள் கிளினிக்கிலேயே நாலடி நடந்தது. ராமாமணி வீட்டுக்கு வந்து வள்ளியாத்தாளிடம், மூன்று மாதம் கழித்து முதலில் முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் கொடுப்பதா, இல்லை எலும்புத் தண்ணீரில் ஆரம்பிப்பதா என்று யோசனை கேட்டாள். பையன்கள் போண்டாவின் வரவேற்புக்குக் கலர்க் காகிதம் வாங்கலாமா என்று பேசிக்கொண்டார்கள். அன்று பரிமாறும்போது பழையபடி விரலிடுக்கில் குழம்பு ஊற்றினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கையூம் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. மெஸ்ஸில் போன் கிடையாது. பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து சொன்னார். போய்ப் பார்த்தபோது போண்டா மேசைமேல் விறைத்துக் கிடந்தது. ஒரு வலிப்பு முடியுமுன் அடுத்தது வந்துகொண்டிருந்தது. கையூம் ஊசி போட்டார், டிரிப்பில் மருந்து ஏற்றினார். மெட்ராஸுக்கு எஸ்.டி.டி. போட்டு சர்ஜனிடம் பேசினார். போனை வைத்துவிட்டு வந்து நின்றவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நானு என்ன தப்புப் பண்ணிப்போட்டனுங்க டாக்டர்? தயிரு கூடப் புளிக்காத தயிருதானுங்க" என்று கேட்டாள் ராமாமணி.

"நீங்க ஒண்ணும் பண்ணலீங்கம்மா. ரத்தத்துல நஞ்சும் இப்பக் கம்மியாத்தான் இருக்குது. கட்டுனதும் சரியாத்தான் இருக்குது. சில நாய்ங்களுக்கு ஆபரேசனுக்கப்புறம் இப்படி வந்துருதுங்க. ஏன்னு அவருக்கும் தெரியல. யாருக்குமே தெரியலயாமா."

அவளுக்கு இதுதான் தாங்கமுடியவில்லை. ஈரல் கொடுத்ததால் வந்தது என்று சொன்னபோது வலித்தது. ஆனால் கொடுக்காமல் இருக்க முடிந்தது. இதற்கு நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. சமைப்பதற்கும் இல்லை. கிளினிக் பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைகள் பகல் வேளையில் சும்மா இருந்து அழகிரிசாமி பார்த்ததே இல்லை.

மருந்து மயக்கத்திலேயே சில நாள் போண்டா கிடந்தது. மயக்கத்தைக் குறைத்தால் வலிப்பு வந்தது. கண் திறந்திருந்தாலும் பார்வை இல்லை. அவள் கூப்பிட்டால் காது அசையவில்லை. கடைசியில் கையூம் டிரிப் ஊசியைக் கழற்றி, அந்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார்.

"ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. இனிப் பத்தியமெல்லாம் வேண்டாம். என்ன புடிக்குமோ குடுங்க."

அந்த வார்த்தைக்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். எந்த ஆஸ்பத்திரியிலும், எந்த டாக்டரும், பிழைக்கிற ஆளுக்கு அதைச் சொல்வதில்லை. ராமாமணியின் மாமியாருக்கு ஒரு தரம் சொன்னார்கள். அன்றைக்கு அந்த அம்மாள் கேட்ட மைசூர்பாகை வாங்க ஓடியவளே ராமாமணிதான். எத்தனை நாள் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். சமையலறை வாசலில் அது வாலை ஆட்டியபோதெல்லாம், டாக்டர் என்றைக்காவது "புடிச்சதைக் குடுங்க" என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கியிருந்தாள். சொல்லிவிட்டார்.

"சரிங்க" என்று மட்டும் சொல்லி நாயை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

வீட்டில் அவளை இறக்கிவிட்டு அழகிரிசாமி வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கேயோ போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தேக்கிலைப் பொட்டலம் இருந்தது. அடுப்படித் திண்டில் வைத்தார். ராமாமணி பிரிக்காமலேயே தெரிந்துகொண்டாள். இளம் ஈரல், இப்போதுதான் அறுத்தது.

"எதுக்குங்க இது?"

"டாக்டர் சொன்னாரல்ல."

"சொன்னா? நாளைக்கு வலிப்பு வந்துச்சுன்னா ஆரு பாக்கறது?"

அவர் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குரல் உயர்ந்தது.

"மூணு மாசத்துல ரெண்டாவது ஆபரேசன் இருக்குதுங்க. மிச்சத்தையும் கட்டோணும். அதுக்குள்ள இதையக் குடுத்துப்போட்டு, எல்லாம் கெட்டுப்போச்சுன்னா அவுருகிட்ட என்னன்னு சொல்லுவேன்? எடுத்துட்டுப் போங்க அக்கட்ட."

அழகிரிசாமி அவளையே பார்த்தார். கிளினிக்கில் டாக்டர் சொன்னதை அவளும்தான் காதால் கேட்டாள். புரியாதவள் இல்லை. அவருக்குச் சண்டை போட ஆசையாக இருந்தது. அதற்குக் கூடத் தெம்பு வரவில்லை. பொட்டலத்தை எடுத்து வள்ளியாத்தாளிடம் கொடுத்தார். அன்று பையன்களுக்குப் புதன்கிழமையில் ஈரல் வறுவல் கிடைத்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கந்தப்பன் மட்டும் அதைத் தொடாமல் எழுந்து போனான்.

ராமாமணி சோற்றைக் குழைய வடித்தாள். ஆறவைத்து, தயிர் விட்டு, ஒரு பருக்கை தெரியாமல் மசித்தாள். போண்டாவை மடியில் வைத்துக்கொண்டு விரல் நுனியில் எடுத்து அதன் மூக்கருகே கொண்டுபோனாள். பார்வையில்லாத அது விரலை முகர்ந்தது. பிறகு நக்கியது.

"மெதுவா கண்ணு. மெதுவா. மூணே மாசந்தான். அப்பறம் உனக்கு எது வேணுமோ எல்லாம் செஞ்சு போடறேன்" என்றாள்.

மறுநாள் முற்பகலில், மெஸ்ஸில் சோறு வெந்துகொண்டிருந்தபோது போண்டா போய்விட்டது. பெரிய வலிப்பு ஒன்றும் வரவில்லை. அவள் மடியில்தான் இருந்தது. அழகிரிசாமி வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார். அன்றும் முப்பது பேருக்கு இலை போட்டார்கள். வள்ளியாத்தாள் பரிமாறினாள். "போதுங்க" என்றவர்களுக்கு அவள் வைக்கவில்லை.

சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கையூம். அவர் எந்த நாய்க்கும் அப்படி வீடு தேடி வந்தவர் அல்ல. பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரில் ராமாமணி நின்றாள். கேட்கவேண்டுமே என்று கையூம் கேட்டார்.

"கடைசியா ஏதாவது சாப்பிட்டுச்சுங்களாம்மா?"

"சாப்புட்டுச்சுங்க டாக்டர். நாலு வாய் சாப்புட்டுச்சு." அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். பரீட்சையில் தேறிய பிள்ளை மார்க் சொல்வது போலச் சொன்னாள். "தயிர்ச்சோறுதானுங்க. நீங்க என்ன சொன்னீங்களோ அதேதான். கறி ஒரு துணுக்குக் கூடக் குடுக்கலீங்க."

கையூம் தலையைக் குனிந்துகொண்டார். நேற்றே நான் எல்லாம் கொடுக்கச் சொன்னேனே என்று அவர் நாக்கு வரை வந்தது. கூடத்துத் தூண் ஓரத்தில் நின்ற அழகிரிசாமி, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

"நல்லதுங்கம்மா" என்றார் கையூம்.